நீ கேட்ட மூன்று நாள்

என் அன்பு ஸ்டெல்லாக்கா,

சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது. அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே சுவர் இல்லை. கடலுக்கு அடியில், அந்த எண்ணெய்க் கிணற்றுக்குப் பக்கத்தில், பாறையில் எந்தச் சுவரும் இல்லை. நீ சொன்னதுதான் சரி.

போன சனிக்கிழமை காலையில் ராஜரத்தினம் சார் நம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். ஆமாம், அவரேதான். உன் மேலதிகாரி. நீ போனதிலிருந்து இந்த இரண்டு வருடமும் எந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லி வைத்திருந்தாரோ, அந்த மனிதர்.

இதை உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் நம் கோயில் ஆண்டு மலரில் போடப் போகிறார்கள், அதனால் உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. பக்கத்தில் நின்று கேட்பவர்களுக்கும் புரிய வேண்டுமில்லையா?

நாம் பிறந்தது மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். நீ ஐந்தாம் படிவத்தில் இருந்தபோது அவர் இறந்தார். பிறகு நாம் தாமானில், அதாவது ஊர்க் குடியிருப்பில், இரண்டு அறை வீட்டுக்கு வந்தோம். அம்மா பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்து நம்மைப் படிக்க வைத்தார். இதை யாராவது உருக்கமாகச் சொல்ல ஆரம்பித்தால் நீ தடுத்துவிடுவாய். “அம்மா கஷ்டப்பட்டாங்க, நான் படிச்சேன். அவ்ளோதான்லா. அதுக்கு மேல கத கட்டாதீங்க.”

நீ பல்கலைக்கழகத்தில் பெட்ரோலியப் பொறியியல் எடுத்தபோது, பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை செய்யவா இவ்வளவு படிப்பு என்று கேட்டவர்கள் உண்டு. அதைக் கேட்டு நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழி வேலியைத் தாண்டிப் பறந்தது. அம்மாவுக்கு மட்டும் உன் வேலையை ஒரே வரியில் சொன்னாய். “பூமிக்கு நாடி பிடிச்சுப் பாக்கறேம்மா.”

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. கடலுக்கு அடியில் பல ஆயிரம் அடி ஆழத்தில் இருக்கும் பாறையை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு கிணற்றில் திரவத்தைச் செலுத்திக்கொண்டே இருந்து, திடீரென்று வால்வை மூடிவிடுவார்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கும். அது எப்படி இறங்குகிறது, எந்த நேரத்தில் வேகம் மாறுகிறது என்று வரைந்து பார்த்தால், கிணற்றைச் சுற்றிப் பல நூறு அடி தூரத்தில் என்ன இருக்கிறது என்று தெரியும். அந்தக் கோட்டைப் படிப்பதுதான் உன் வேலை. கோலாலம்பூரில் ஒரு கட்டிடத்தின் இருபதாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, சரவாக் கடலுக்கு நாடி பார்த்தாய்.

உனக்குச் சிக்கல் கொடுத்தது பாறை இல்லை. பாறைக்குள் செலுத்திய தண்ணீர்தான்.

வயதான எண்ணெய் வயல் அது. வெறும் தண்ணீரை விட்டுத் தள்ளினால், தண்ணீர் எண்ணெயைத் தள்ளாமல் அதன் பக்கமாக நழுவி ஓடிவிடுகிறது. அதனால் தண்ணீரில் பாலிமர் தூளைக் கலந்து கொழகொழவென்று ஆக்கிச் செலுத்தினார்கள். வெறும் தண்ணீர் என்றால் வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் அதன் பாகுத்தன்மை ஒன்றுதான். இந்தக் கலவை அப்படி இல்லை. வேகமாகத் தள்ளினால் இளகும். மெதுவாக ஓடவிட்டால் கெட்டியாகும். “இதெல்லாம் நியூட்டனுக்கு அடங்காத ஜாதி,” என்று நீ ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாய். “நியூட்டன் யாரு, உன் மேனேஜரா?” என்று அம்மா கேட்டார். நீ மிளகாய் சாஸ் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தாய். ஒன்றும் விழவில்லை. நான்கு தடவை உதறினாய். தட்டு நிறையக் கொட்டியது. “இதான்மா,” என்றாய். “அதுக்கு என் சாஸ்தான் கெடச்சுதா?” என்றார் அம்மா.

எனக்கு அது உண்மையாகப் புரிந்தது அன்று இல்லை, ஆலையில்தான். நான் செம்பனை ஆலையில் பராமரிப்புப் பொறியாளன். எங்கள் ஸ்லட்ஜ் குழாய், அதாவது எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் சேறு ஓடும் குழாய், மூன்று மாதமாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. பம்பு ஓடும்போது ஒழுங்காக ஓடும். அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் அழுத்தமானி முள் எகிறும். குழாய் அடைத்துவிட்டது என்று கழற்றுவோம். உள்ளே அடைப்பே இருக்காது. மானி கெட்டுவிட்டது என்று மானியை மாற்றுவோம். புது மானியும் அதையே காட்டும்.

ஒரு சனிக்கிழமை நீ ஆலைக்கு வந்தாய். உன் அளவுக்குப் பாதுகாப்புச் சப்பாத்து கிடைக்காமல், என்னுடைய பழைய சோடியில் காகிதத்தைத் திணித்துப் போட்டுக்கொண்டு தட் தட்டென்று நடந்தாய். பம்பை நிறுத்தச் சொன்னாய், காத்திருந்தாய், போடச் சொன்னாய். முள்ளையே பார்த்தாய். ஐந்தாறு தடவை இப்படி. எங்கள் ஃபோர்மன் பொறுமை இழந்து, “எங்க அடச்சிருக்கும்னு நெனக்கிறீங்க?” என்று கேட்டார்.

“எங்கயும் அடைக்கல. இது நின்னா இறுகும், ஓடினா இளகும். கேஜ் பொய் சொல்லல அண்ணே. உள்ள ஓடறது தண்ணின்னு நெனச்சிக்கிட்டு நீங்கதான் படிக்கிறீங்க.”

பம்பை முழுவதுமாக நிறுத்தாமல் மெதுவாகச் சுற்ற விடுங்கள், நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் சூடு ஆறவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். அன்றிலிருந்து நாங்கள் அந்தக் குழாயைக் கழற்றவில்லை. ஒரு கோட்டை அல்லது ஒரு முள்ளைப் படிப்பதற்கு முன்னால், உள்ளே ஓடுவது எது என்று கேட்க வேண்டும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த மாதமே உன் கிணற்றில் சோதனை நடந்தது. வால்வை ஒரு நாள் மூடி வைத்தார்கள். அழுத்தம் மாறும் வேகத்தைக் காட்டும் கோடு கொஞ்சம் ஏறிவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும். அது படுக்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. சோதனை முடியும்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

கோடு அப்படி ஏறினால், பக்கத்தில் பாறை பிளந்து நகர்ந்து, திரவம் தாண்ட முடியாத சுவராக நிற்கிறது என்றுதான் வழக்கமாக அர்த்தம். ராஜரத்தினம் சார் அப்படித்தான் படித்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நில அதிர்வுப் படத்தில் அந்தப் பக்கம் மங்கலாக ஒரு கோடும் தெரிந்ததாமே. சுவர் இருந்தால் அந்தக் கிணற்றில் பாலிமர் செலுத்துவது வீண். மூடிவிடலாம். அந்தத் திட்டமே அதோடு முடிந்துவிடும்.

நீ ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோலா சிலாங்கூர் ஆற்றோரக் கடையில் நாம் இருவரும் மீன் சாப்பிட்டோம். நீ டிஷ்யூ தாளில் வரைந்து காட்டினாய்.

“இங்க பாரு சேவியர். செவுருன்னா கோடு ரெண்டு மடங்கு ஒசரத்துக்கு ஏறி, அங்கயே படுத்துக்கும். இது படுக்கவே இல்ல. ஒரே சாய்வுல ஏணி மாதிரி போவுது. அந்தச் சாய்வு என்னா நம்பர் தெரியுமா? பாலிமர லேப்ல சுத்திப் பாத்தப்ப எனக்கு வந்த நம்பருக்கு என்னா சாய்வு வரணுமோ, அதே சாய்வு.”

“அப்ப ஏன் ஏறுது?”

“கெணத்துக்குப் பக்கத்துல வேகமா ஓடுது, அதனால இளகலா இருக்கு. தூரம் போகப் போக பரவிடும், வேகம் கொறையும், கெட்டியாவும். ஓட்டம் கஷ்டமாவுதுன்னு கோடு சொல்லுது. இவங்க அத செவுருங்கிறாங்க. நம்ம ஃபோர்மன் அண்ணே அடைப்புன்னு சொன்ன மாதிரியே.”

அதற்குள் அலுவலகத்தில் நடந்திருந்த கூட்டத்தில் நீ கேட்டது ஒன்றே ஒன்று. கிணற்றை இன்னும் மூன்று நாள் மூடி வைத்துப் பார்க்க வேண்டும். சுவர்தான் என்றால் கோடு ஒருநாளும் இறங்காது. பாலிமர்தான் காரணம் என்றால், அழுத்தத்தின் அலை பாலிமர் பரவிய இடத்தைத் தாண்டி, அதற்கு அப்பால் இருக்கும் சாதாரணத் தண்ணீரைத் தொட்டதும் கோடு இறங்கியே ஆகவேண்டும். மூன்றாம் நாளுக்குள் இறங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாய். கப்பலும் ஆட்களும் காத்திருக்க மாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். உன் சமன்பாட்டின் மேல் உனக்குக் காதல் வந்துவிட்டது என்று ராஜரத்தினம் சார் எல்லார் முன்னாலும் சொன்னார். சிலர் சிரித்தார்கள்.

நீ தனியாக ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்தாய். அதற்கு அடுத்த வாரம் உன்னை அந்தத் திட்டத்திலிருந்து எடுத்து, பழைய கோப்புகளைச் சரிபார்க்கும் பிரிவில் போட்டார்கள்.

இதெல்லாம் சொல்லிவிட்டு நீ என்னைப் பார்த்தாய். உன் பக்கம் நிற்கும் ஒரு வார்த்தையை எதிர்பார்த்தாய் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் என்ன சொன்னேன்?

“விட்டுடுக்கா. சார்கிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வேலைய பாரு. எதுக்கு இந்தச் சுசா, வீண் தொல்ல?”

நீ கையைக் கழுவிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தாய்.  வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னாய். “தப்பு பண்ணியிருந்தா காலுல விழுந்துகூட கேப்பேன்டா. பண்ணாததுக்கு எப்படிக் கேக்கறது?”

மூன்று வாரம் கழித்து உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கி என்றார்கள். நான் வார்டுக்கு ஓடி வந்தபோது, வழி நெடுகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வாயில் இருந்தன. நீ பேசவிடவில்லை. “ஸ்லட்ஜ் பம்பு எப்படிடா ஓடுது?” என்று கேட்டாய். நீ சொன்ன மாதிரிதான் ஓட்டுகிறோம், ஒரு பிரச்சினையும் இல்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். அதற்குப் பிறகு நமக்குப் பேசக் கிடைக்கவில்லை. அந்தச் சிரிப்பு என்னை மன்னித்ததற்கா, பம்பு ஓடியதற்கா? இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

உனக்கு முப்பத்தெட்டு வயது. அடக்கத்துக்கு வந்த சனம் வாசல் வரை நின்றது. அதற்குள் தாமானில் ஒரு பேச்சும் பரவிவிட்டது. ஸ்டெல்லா வேலையில் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டாளாம், அதனால்தான் இறக்கிவிட்டார்களாம் என்று. அம்மா காதிலும் விழுந்தது. “மனசு ஒடஞ்சதாலதான் ஒடம்பு காச்சலத் தாங்கல,” என்று அம்மா நம்பினார். மருத்துவர் சொன்னதை நான் எத்தனை தடவை சொன்னாலும் கேட்கவில்லை. உன் புகைப்படத்தைத் துடைக்கும்போதெல்லாம், “அப்படி என்னாதான்மா தப்பு பண்ண?” என்று மெதுவாகக் கேட்பார். பதில் சொல்ல எனக்கும் ஆதாரம் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் ராஜரத்தினம் சார் வந்தார். தனியாக வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தடித்த அறிக்கை. நான் கேட்டைத் திறந்தேன். அம்மா கதவுக்கு நடுவில் நின்றுகொண்டார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வாசலிலேயே நின்றார். அவருடைய தமிழ் யாழ்ப்பாணத் தமிழ். அதிலும் ஆங்கிலத்திலேயே புழங்கிய நாக்கு, தட்டுத் தடுமாறித்தான் வந்தது.

“அம்மா, நான் ஸ்டெல்லாவோட வேலை செய்தனான். ஒரு விசயம் சொல்ல வந்தனான்.”

“நீங்க யாருன்னு தெரியும்,” என்றார் அம்மா. “எம்பொண்ணு செஞ்சது சரியா, தப்பா? அத மட்டும் சொல்லுங்க.”

“சரி. முழுக்கச் சரி. நான்தான் பிழை.”

 நான்தான் சாரை உள்ளே அழைத்து உட்கார வைத்தேன்.

நடந்தது இதுதான், அக்கா. உன்னை மாற்றிய பிறகு அந்தக் கிணற்றை மூடுவதா வேண்டாமா என்று மேலிடத்தில் முடிவெடுக்கவில்லை. கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது. சோதனைக்குப் பிறகு மறுபடி செலுத்திக்கொண்டிருந்தவர்கள், முடிவு வரட்டும் என்று வால்வை மூட, கிணறு அப்படியே மாதக்கணக்கில் கிடந்தது. ஆனால் கிணற்றின் அடியில் பொருத்தியிருந்த அழுத்தமானியை யாரும் நிறுத்தவில்லை. அது பாட்டுக்கு ஒவ்வொரு நாளும் அளந்து பதிந்துகொண்டே இருந்திருக்கிறது. யாரும் திறந்து பார்க்கவில்லை.

இந்த வருடம் கிணற்றை நிரந்தரமாக அடைத்துவிடும் பத்திரம் ராஜரத்தினம் சாரின் மேசைக்குக் கையெழுத்துக்கு வந்தது. அவருக்கு ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. கையெழுத்துப் போடும் முன் உன் அறிக்கையை ஒரு தடவை எடுத்துப் படித்தாராம். அன்று கூட்டத்துக்கு முன்னால் அவர் அதன் முதல் இரண்டு பக்கத்துக்கு மேல் படித்ததே இல்லையாம். கடைசிப் பக்கத்தில் நீ ஒரு தலைப்புப் போட்டு எழுதியிருந்தாய். என் முடிவு தவறு என்றால் அது எப்படித் தெரியும் என்று தலைப்பு. மூன்று நாளில் கோடு இறங்கவில்லை என்றால் நான் சொன்னது தவறு, சுவர் என்று எடுத்துக்கொண்டு கிணற்றை மூடிவிடுங்கள் என்று எழுதியிருந்தாய்.

“முப்பது வருசம் இந்த வேலை செய்யிறன்,” என்றார் சார். “தன்னைத் தோக்கடிக்கிற வழியைத் தானே எழுதிக் குடுத்த ஆளை நான் வேற காணேல்லை.”

அவர் அந்த மானியின் பதிவைத் தேடி எடுத்து, யாரிடமும் கொடுக்காமல் தானே உட்கார்ந்து வரைந்து பார்த்திருக்கிறார். முதல் நாள் அதே ஏறுகோடு. இரண்டாம் நாளும் அதே சாய்வு. மூன்றாம் நாள் கோடு தலை சாய்த்து, இறங்கி, நீ குறித்து வைத்திருந்த உயரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

“மூண்டு நாள் கேட்டவ,” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் குடுக்கேல்லை. கிணறு குடுத்திட்டுது.”

கிணற்றை மறுபடி திறந்துவிட்டார்களாம். பாலிமர் போகிறது. பக்கத்துக் கிணற்றில் எண்ணெய் கூடிக்கொண்டு வருகிறது. சுவர் இருந்திருந்தால் அது நடக்காது. அன்று சிரித்தவர்கள் உட்கார்ந்திருந்த அதே கூட்ட அறையில் நின்று, தான் படித்தது பிழை என்று சொல்லிவிட்டுத்தான் அவர் நம் வீட்டுக்கு வந்திருந்தார். இனி பாலிமர் செலுத்தும் எந்தக் கிணற்றிலும், கோட்டைப் படிக்கும் முன் திரவத்தின் குணத்தைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று நிறுவனத்தின் வழிகாட்டிப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் சேர்த்திருக்கிறார்கள். நீ எழுதியதுதான் அந்த அத்தியாயம்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஆங்கிலத்துக்குத் தாவிய இடங்களை நான் தமிழில் விளக்கினேன். கடைசியில் அம்மா, சம்பந்தமே இல்லாமல், அவருக்கு எந்த ஊர் என்று கேட்டார்.

“பிறந்தது கோலாலம்பூரில. தாத்தா இஞ்ச பக்கத்தில ஒரு எஸ்டேட்டில கிராணியா, கணக்கு எழுதிக்கொண்டு இருந்தவர்.” தோட்டத்தின் பெயரையும் சொன்னார்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க மாமனார் அந்தத் தோட்டத்துலதான் ரப்பர் பால் மரம் சீவுனாரு. தெனம் காலையில உங்க தாத்தாதான் அவருக்குப் வேலைக்கு வந்ததாப் பேரு போட்டிருப்பாரு,” என்றார். “பேரு போடறது உங்க குடும்பத்துக்குப் புதுசில்ல. எம்பொண்ணு பேரையும் ஒழுங்காப் போடுங்க.”

அக்கா, அந்தப் பெரிய மனிதர் எழுந்து நின்றார். கையோடு கொண்டுவந்த புது அறிக்கையின் முதல் பக்கத்தைத் திறந்து அம்மா கையில் கொடுத்தார். மேலே உன் பெயர்தான் முதலில். அவருடைய பெயர் அதற்குக் கீழே இருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது, ஆனால் உன் பெயரின் எழுத்துகள் தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். பிறகு, “அவ அப்பா பேரு எங்க?” என்று கேட்டார். ராஜரத்தினம் சார் பையிலிருந்து பேனாவை எடுத்து, அங்கேயே, உன் பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயரை எழுதினார். அச்சிலும் சேர்த்துவிடுகிறேன் என்றார்.

அதற்குப் பிறகுதான் அம்மா எழுந்து போய்க் குடிக்கத் தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்தார். அதுவும் அவருக்கு என்று மாட்டுப் பால் கலந்த மைலோ. எனக்குப் பாலே இல்லாத கொப்பி ஓ.

அவர் போன பிறகு அம்மா என்னை விடவில்லை. “நீ சொல்றது அவரு சொன்னத விட எனக்குப் புரியும். மொதல்லேர்ந்து சொல்லு,” என்றார். போன மாத நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கோட்டை வரைந்தேன். கிணறு, பாலிமர், தண்ணீர், ஏறுகிற கோடு, இறங்குகிற இடம். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“அப்ப, அந்தத் தண்ணி தூரம் போகப் போக கெட்டியாயிருச்சு. இவங்க அத செவுருன்னு நெனச்சிட்டாங்க. அவ்ளோதானே?”

“அவ்ளோதாம்மா.”

“இதுக்கா இவங்களுக்கு ரெண்டு வருசம்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தார். நீ போன பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். சிரித்து முடித்துவிட்டு அழுதார். அந்த அழுகை பழைய அழுகை இல்லை, அக்கா. அப்படி என்ன தப்புச் செய்தாய் என்று அம்மா இனி உன் படத்திடம் கேட்க மாட்டார்.

இன்று கல்லறைத் திருநாள். காலையில் உன் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றினோம். அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. உபதேசியாரைப் பிடித்துச் சொன்னார். பூ விற்கிற அம்மாவிடம் சொன்னார். அந்தத் தாமான் பேச்சை முதலில் பரப்பிய அத்தை இரண்டு கல்லறை தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவரிடம் நேராகவே போனார். “எம்பொண்ணு சொன்னதுதான் சரியாம். கம்பெனிக்காரரே வீடு தேடி வந்து சொல்லிட்டுப் போனாரு. அது நியூட்டனுக்கு அடங்காத தண்ணியாம், ஒங்களுக்கெல்லாம் வெளங்காது,” என்றார்.  நீ அருகில் இருந்திருந்தால் அம்மாவின் வாயைப் பொத்தியிருப்பாய். நான் பொத்தவில்லை. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பெருமையில் எனக்குப் பங்கு இல்லை. ஆலையில் என் கண் முன்னாலேயே நீ அதை நிரூபித்துக் காட்டியிருந்தாய். புரிந்துகொண்டேன். புரிந்தும், உன் பக்கம் நிற்க வேண்டிய நேரத்தில் உன்னைக் குனியச் சொன்னேன். ராஜரத்தினம் சாராவது படிக்காமல் சொன்னார். நான் தெரிந்தே சொன்னேன். அவர் வாசலில் நின்று தன் பிழையைச் சொன்னதைப் பார்த்த பிறகு, நான் மட்டும் இதை உள்ளே வைத்துக்கொண்டிருப்பது சரியில்லை என்று தோன்றியது. அதனால்தான் எல்லாரும் படிக்கிற மலரில் எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு.

அடுத்த வருடம் கோலாலம்பூரில் பொறியாளர்கள் கூடும் ஒரு மாநாட்டில் உன் ஆய்வை வாசிக்கப் போகிறார்கள். குடும்பத்திலிருந்து ஒருவர் வந்து ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் ஒத்துக்கொண்டேன். அம்மா இப்போதே சேலை எடுத்து வைத்துவிட்டார், நீலத்தில் ஒன்று. முதல் வரிசையில்தான் உட்காருவேன் என்கிறார்.

தோட்டத்துப் பிள்ளை எப்படி உயர்ந்தாள், எவ்வளவு நல்ல மகள், எவ்வளவு அன்பான அக்கா என்று நான் பேசினால் எல்லாருக்கும் பிடிக்கும். கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கை தட்டுவார்கள். அதைப் பேசமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அந்த ஐந்து நிமிடமும் நீ படித்த கோட்டைப் பற்றி மட்டும் பேசுவேன். அது ஏன் ஏறியது, எங்கே இறங்கும் என்று எப்படிக் கணித்தாய், உன் முடிவு தவறாக இருந்தால் எப்படித் தெரியும் என்று எழுதி வைத்தாய் என்பதைச் சொல்வேன். பலகையில் என் கையால் வரைந்தும் காட்டுவேன். சாய்வை நான் தப்பாக வரைந்தால், அங்கே இருப்பவர்களில் ஒருவர் எழுந்து திருத்துவார். திருத்தட்டும். உன் கணக்கை ஓர் அறை முழுக்க ஆட்கள் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று அம்மா அன்று கண்ணால் பார்ப்பார்.

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து,
ஸ்டெல்லாவின் தம்பி என்று இனி எங்கே போனாலும் முதலில் சொல்லிக்கொள்ளப் போகும்
உன் சேவியர்